தேடிவரும் கல்லூரிகளும் தேர்ந்தெடுக்கும் மாணவரும்

மாணவர் கல்லூரியைத் தேடிச் செல்வது உலக வழக்கு. விண்ணப்பம் நிரப்பி, மதிப்பெண் சான்றிதழை இணைத்து, சேர்க்கைப் பட்டியலில் தம் பெயர் இடம்பெறுமா என ஏங்கி நிற்கும் இளைஞர்களை எந்நாட்டிலும் காணலாம். இவ்வழக்குக்கு மாறாகக் கல்லூரிகளே மாணவரைத் தேடிச் சென்று, அவர்தம் இல்லத்துக் கதவைத் தட்டி, பெற்றோர் முன் அமர்ந்து, 'உங்கள் மகனை எங்களிடம் அனுப்புங்கள்' என்று வேண்டி நிற்கும் நிலையும் ஒன்றுண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உயர்நிலைப் பள்ளியில் பயிலும், கூடைப்பந்தாட்டத்தில் தலைசிறந்து விளங்கும் மாணவரின் நிலையே அது.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது பெரும்பேறாகவே தோன்றும். ஆழ்ந்து நோக்கின் இதன்கண் உள்ள இடர்ப்பாடு புலனாகும். முடிவெடுக்க வேண்டியவர் பதினேழு வயது இளைஞர்; அவர் எடுக்கும் முதற் பெருமுடிவு அது. அவர் எதிரே அமர்ந்து பேசுவோரோ ஆண்டுதோறும் இத்தகைய இளைஞர் பலரைக் கண்டு பேசிப் பழகியவர்கள். அறிவும் அனுபவமும் ஒரு பக்கமே குவிந்து கிடக்க, முடிவின் சுமை மட்டும் மறுபக்கத்தே விழுகின்றது.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆள்வோன் தனக்கு வேண்டிய வினையாளரை எங்ஙனம் ஆராய்ந்து தெளிதல் வேண்டும் என்பது அதன் பொருள். நாம் ஈண்டுக் காணப்புகும் நிலையில், தெரிந்தெடுக்கப்படுபவரே தெரிந்தெடுப்பவராகவும் நிற்க வேண்டியுள்ளது. அவர் எவற்றை ஆராய்கிறார், எவற்றை ஆராய்தல் வேண்டும் என்பன பற்றிச் சில உண்மை நிகழ்வுகளின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லூரியும் கூடைப்பந்தும்

கூடைப்பந்தாட்டம் கல்வி நிலையத்திலேயே பிறந்த ஆட்டம். 1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் இருந்த கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் கூரையின்கீழ் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை வகுக்க விரும்பினார். பழக்கூடைகள் இரண்டை உயரத்தே பொருத்தி, அவற்றுள் பந்தை இடச் செய்தார். அவரே பின்னர்க் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் முதற் கூடைப்பந்துப் பயிற்சியாளராகவும் விளங்கினார்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் பேரமைப்பு 1906இல் தோன்றியது. 1910 முதல் அது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்னும் பொருள்படும் பெயரைத் தாங்கி, என்.சி.ஏ.ஏ. எனச் சுருக்கமாக வழங்கப்பெறுகிறது. அது நடத்தும் ஆடவர் கூடைப்பந்துப் பெருந்தொடர் 1939இல் எட்டு அணிகளுடன் தொடங்கியது. 2011இல் அவ்வெண்ணிக்கை 68 ஆக உயர்ந்தது. மார்ச்சுத் திங்களில் நடைபெறும் அத்தொடரை நாடே கண்கொட்டாது காண்கிறது. தொலைக்காட்சி உரிமையால் கிடைக்கும் பெரும்பொருள் சங்கத்தின் தலையாய வருவாயாகும். கல்லூரிகள் ஓர் இளைஞரைத் தேடி நாடு முழுவதும் அலைவதன் காரணம் இப்போது விளங்கும். சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தால் அணி வெல்லும்; அணி வென்றால் பெயரும் பொருளும் பெருகும்.

முதற்பிரிவில் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. நெடுங்காலமாக ஆடவர் அணி ஒன்றிற்கு 13 பேருக்கு முழுக் கல்வி உதவித்தொகை வழங்கலாம் என்பது விதியாக இருந்தது. பெருக்கிப் பார்த்தால் நாலாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வருகின்றது. தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ.வில் உள்ளனவோ 30 அணிகளே. ஆண்டுதோறும் அவை புதிதாகத் தேர்ந்தெடுப்போர் ஏறத்தாழ 60 பேர். அவர்களுள்ளும் பிறநாட்டார் பலர். எனவே கல்லூரிக் களத்தில் ஆடுவோருள் மிகப் பெரும்பாலோர்க்கு ஆட்டம் கல்லூரியோடு முடிந்துவிடும் என்பது கணக்கு காட்டும் உண்மை. தலைசிறந்த மாணவர் தம்மை இக்கணக்குக்கு விலக்கானவராகவே எண்ணிக்கொள்வார். அவருள் சிலர்க்கு அவ்வெண்ணம் மெய்யாவதும் உண்டு. முழங்கால் மூட்டு ஒன்று பிசகினால் அவ்வெண்ணம் பொய்யாவதும் உண்டு.

தேடல் நிகழும் முறை

பள்ளி அணிகளின் ஆட்டங்களைக் காட்டிலும், கோடை விடுமுறையில் நடைபெறும் ஆட்டத் தொடர்களிலேயே பயிற்சியாளர்கள் இளைஞர்களை மிகுதியும் கண்டறிகின்றனர். இத்தொடர்களுள் பெரியனவற்றை நைக், அடிடாஸ் முதலிய காலணி நிறுவனங்கள் தம் பொருளுதவியால் நடத்துகின்றன. ஒரே கூடத்தில் பல களங்கள். சுற்றிலும் கல்லூரிகளின் பெயர் பொறித்த சட்டையணிந்த பயிற்சியாளர்கள். தரவரிசை வெளியிடுவோர் இளைஞர்களுக்கு நட்சத்திரக் குறிகள் இடுகின்றனர். ஐந்து நட்சத்திரம் பெற்றவரின் பெயர் நாடெங்கும் பரவுகிறது.

பயிற்சியாளர் எப்போது பேசலாம், எப்போது நேரிற் காணலாம், எப்போது காணுதல் கூடாது என்பவற்றிற்கெல்லாம் என்.சி.ஏ.ஏ. நாட்காட்டியே வகுத்துள்ளது. முதலில் கடிதமும் தொலைபேசியும். பின்னர் இல்லத்திற்கு வருகை. இறுதியாகக் கல்லூரியின் செலவிலேயே மாணவர் அக்கல்லூரி வளாகத்தைச் சென்று காணல். முன்னாளில் இத்தகைய பயணம் ஐந்து கல்லூரிகளுக்கு மட்டுமே செல்லுபடியாகும். 2023 சூலை முதல் அவ்வரம்பு நீக்கப்பட்டது. ஆயினும் ஒரு கல்லூரிக்கு ஒருமுறை என்பதே பொதுவிதி.

அப்பயணத்தின்போது மாணவர் காண்பது கல்லூரியின் விழாக்கோலத்தை. புதிய பயிற்சிக்கூடம், அவர் பெயர் எழுதிய சட்டை, ஆரவாரிக்கும் மாணவர் கூட்டம் ஆகிய எல்லாம் காட்டப்பெறும். தோல்விக்கு மறுநாள் காலைப் பயிற்சி எப்படி இருக்கும் என்பது காட்டப்பெறுவதில்லை. அதனை அறிய விரும்பும் இளைஞர் அணியிலுள்ள மூத்த மாணவர்களிடம் தனியே பேசுதல் வேண்டும். அவர்களுள்ளும் களமிறங்க வாய்ப்புக் கிட்டாது அமர்ந்திருப்பவரிடம் கேட்டறிவது சாலச் சிறந்தது.

ஆல்சிண்டர் எடுத்த முடிவு

இத்தகைய தேர்வு எங்ஙனம் நிகழ்கின்றது என்பதற்கு 1965ஆம் ஆண்டின் நிகழ்வொன்று இன்றளவும் சிறந்த சான்றாக நிற்கின்றது. நியூயார்க் நகரின் பவர் மெமோரியல் பள்ளியில் பயின்றவர் லூ ஆல்சிண்டர். ஏழடி உயரம், இணையற்ற ஆட்டம். அவருடைய பள்ளி அணி தொடர்ந்து 71 ஆட்டங்களில் வென்று, 1965 சனவரியில்தான் டிமாதா பள்ளியிடம் தோற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அவரை அழைத்தன.

அவர் எண்ணிப் பார்த்த கல்லூரிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் ஈர்த்தன. கொலம்பியா பல்கலைக்கழகம் நியூயார்க் நகரிலேயே, ஹார்லெம் பகுதிக்கு அருகில் இருந்தது. செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் மதித்துப் போற்றிய ஜோ லாப்சிக் பயிற்சியாளராக இருந்தார். ஆனால் வயது வரம்பின் காரணமாக லாப்சிக் அவ்வாண்டே ஓய்வு பெற வேண்டியவரானார். ஹோலி கிராஸ் கல்லூரிக்கு அவருடைய பள்ளிப் பயிற்சியாளரே பொறுப்பேற்றுச் சென்றார். எனினும் ஆல்சிண்டர் அவரைப் பின்தொடரவில்லை.

இறுதியில் அவர் தேர்ந்தது நெடுந்தொலைவுக்கு அப்பால் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், யு.சி.எல்.ஏ. என வழங்கப்பெறுவது. 1964, 1965 ஆகிய இரண்டாண்டுகளிலும் வாகை சூடிய அணி அது என்பது ஒரு காரணம். வேறு காரணங்களும் இருந்தன. கறுப்பின மாணவர் தலைநிமிர்ந்து பயின்ற மரபு அப்பல்கலைக்கழகத்திற்கு உண்டு. அமைதிக்கான நோபல் பரிசை 1950இல் பெற்ற ரால்ப் பஞ்ச்சும், அடிப்பந்தாட்டத்தில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனும் அங்குப் பயின்றோரே. அவ்விருவரும் இளைஞர் ஆல்சிண்டருக்குக் கடிதம் எழுதி ஊக்கினர். 1960 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ரேபர் ஜான்சன் அப்பல்கலைக்கழக மாணவர் பேரவையின் தலைவராக விளங்கியவர். பயிற்சியாளர் ஜான் வுடன் முதற் சந்திப்பில் ஆட்டத்தைப் பற்றி அளந்து பேசாமல், மாணவரின் படிப்பைப் பற்றிப் பேசினார் என்பதனை ஆல்சிண்டரே பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார்.

அக்காலத்தில் முதலாண்டு மாணவர் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட இயலாது. 1972இல்தான் அவ்விதி மாறியது. எனினும் 1965 நவம்பரில் புதிய அரங்கின் திறப்பையொட்டி நடந்த ஆட்டத்தில், ஆல்சிண்டர் இடம்பெற்ற முதலாண்டு அணி, தேசிய வாகையரான தம் கல்லூரி மூத்தோர் அணியையே 75-60 என வீழ்த்தியது. அடுத்த மூன்றாண்டுகளில் 88 வெற்றி, 2 தோல்வி. 1967, 1968, 1969 என மூன்று தேசிய வாகைகள். 1967இல் பந்தைக் கூடைக்குள் மேலிருந்து திணிப்பதைத் தடைசெய்து விதி வந்தபோது, அவர் தளராது கொக்கிபோல் கையை வளைத்து எறியும் தம் தனி முறையைச் செம்மைப்படுத்திக்கொண்டார்.

களத்திற்கு வெளியே நிகழ்ந்தவை இவற்றினும் பெரியன. வரலாறு பயின்று 1969இல் பட்டம் பெற்றார். மால்கம் எக்ஸின் தன்வரலாற்றை மாணவப் பருவத்தில் படித்தார். 1967 சூனில், போருக்குச் செல்ல மறுத்த முகமது அலிக்குத் துணைநின்று கிளீவ்லாந்து நகரில் கூடிய விளையாட்டு வீரர்களுள் இருபது வயதினரான இவரும் ஒருவர். 1968இல் இஸ்லாத்தைத் தழுவினார். 1971 முதல் கரீம் அப்துல் ஜப்பார் என்னும் பெயராலேயே உலகம் அவரை அறிந்தது. பின்னாளில் நூல்கள் பல எழுதினார். அவரைத் தேடிவந்த நூறு கல்லூரிகளின் கணக்கேடுகளுள் எதிலும் இவை எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் கல்லூரியைத் தேர்ந்தபோது தாமும் இவற்றை முன்னறிந்தாரல்லர். ஆயினும் இவை முளைவிடத்தக்க நிலத்தை அவர் தேர்ந்திருந்தார்.

இடமும் இயல்பும்

எல்லாத் தேர்வும் இங்ஙனம் இனிது முடிவதில்லை. இண்டியானா மாநிலத்துப் பிரெஞ்ச் லிக் என்னும் சிற்றூரில் வறிய குடும்பத்தில் வளர்ந்தவர் லாரி பேர்ட். 1974இல் அவர் தம் மாநிலத்தின் புகழ்பெற்ற இண்டியானாப் பல்கலைக்கழகத்தில், பெயர்பெற்ற பயிற்சியாளர் பாப் நைட்டின் அணியில் சேர்ந்தார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் பயிலும் அவ்வளாகத்தில் அவரால் ஒன்ற முடியவில்லை. ஒரு திங்கள் நிறைவதற்குள் ஊர் திரும்பினார். நகராட்சிப் பணியில் சேர்ந்து குப்பை வண்டியிலும் உழைத்தார். ஊரார் கண்ணுக்கு அது வீழ்ச்சியாகவே தோன்றியிருக்கும். அடுத்த ஆண்டு அளவிற் சிறிய இண்டியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த அணியை 1979இல் ஒரு தோல்வியும் இன்றித் தேசிய இறுதி ஆட்டம் வரை அழைத்துச் சென்றார்.

அவ்விறுதி ஆட்டத்தில் அவரை எதிர்த்து நின்று வென்றவர் மேஜிக் ஜான்சன். அவருடைய தேர்வும் நோக்கத்தக்கது. மிச்சிகன் மாநிலத்து லான்சிங் நகரத்தவரான அவரை, புகழில் முந்தி நின்ற மிச்சிகன் பல்கலைக்கழகமும் அழைத்தது. அவரோ தம் இல்லத்தின் அருகே, ஈஸ்ட் லான்சிங்கில் இருந்த மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தார். உயரமான ஆட்டக்காரரைக் கூடையருகே நிறுத்துவதே அந்நாளைய வழக்கம். ஆறடி எட்டங்குலத்துக்கு மேற்பட்ட அவரைப் பந்தை ஏந்தி ஆட்டத்தை வழிநடத்தும் இடத்திலேயே ஆடவிட அக்கல்லூரிப் பயிற்சியாளர் ஜட் ஹீத்கோட் இசைந்தார். ஊரும் உறவும் அருகிருந்தன. தம் இயல்புக்கேற்ற இடமும் களத்தில் கிடைத்தது.

இவ்விரு வரலாறுகளும் ஒரே உண்மையைக் காட்டுகின்றன. கல்லூரியின் புகழ் வேறு, அக்கல்லூரி ஒருவர்க்குப் பொருந்துதல் வேறு. புகழைத் தரவரிசையிற் காணலாம். பொருத்தத்தை அவரவரே தம் நெஞ்சை வினவிக் காண வேண்டும்.

பயிற்சியாளர் என்னும் அச்சாணி

மாணவர் பலரும் தம் தேர்வுக்குக் கூறும் முதற்காரணம் பயிற்சியாளரே. பெருமை பேசுவதால் மட்டும் ஒருவர் நற்பயிற்சியாளர் ஆகிவிடார். மாணவர் தவறும்போது அவர் என்ன செய்கிறார் என்பதே உரைகல்லாகும்.

ஸ்டீபன் கரி பள்ளி முடித்தபோது எவரும் போட்டியிட்டு அழைத்த ஆட்டக்காரர் அல்லர். மெலிந்த உடலும் இளமுகமும் கண்டு பெருங்கல்லூரிகள் ஒதுக்கின. தந்தை ஆடிப் புகழ்பெற்ற வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகமும் உடனடி உதவித்தொகை அளிக்க முன்வரவில்லை. இரண்டாயிரத்துக்கும் குறைவான மாணவரைக் கொண்ட டேவிட்சன் கல்லூரிதான் நம்பிக்கையுடன் அழைத்தது. 2006இல் அக்கல்லூரிக்காக ஆடிய முதல் ஆட்டத்தில் அவர் 13 முறை பந்தை எதிரணியிடம் இழந்தார். பயிற்சியாளர் பாப் மெக்கிலப் அவரை அடுத்த ஆட்டத்தில் அமர்த்திவிடவில்லை. மிச்சிகனுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் கரி 32 புள்ளிகள் எடுத்தார். 2008இல் டேவிட்சன் நாட்டின் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக உயர்ந்தது. பட்டத்தை முடிக்காமல் 2009இல் தொழில்முறை ஆட்டத்திற்குச் சென்ற கரி, உலகப்புகழ் எய்திய பின்னரும் விடுபட்ட பாடங்களைப் படித்து 2022இல் பட்டம் பெற்றார்.

மகளிர் ஆட்டத்திலும் இதே நெறி விளங்குகிறது. அயோவா மாநிலத்தவரான கெய்ட்லின் கிளார்க், நோட்டர்டேம் முதலிய பேர்பெற்ற கல்லூரிகளை விடுத்துத் தம் மாநிலத்து அயோவாப் பல்கலைக்கழகத்தை 2019இல் தேர்ந்தார். விரைந்து ஆடி, தொலைவிலிருந்து எறியும் அவருடைய பாங்குக்கு அப்பயிற்சியாளரின் முறை இசைந்தது. முதலாண்டிலேயே பந்து அவர் கையில் இருந்தது. 2023, 2024 ஆகிய ஈராண்டுகளிலும் அயோவா தேசிய இறுதி ஆட்டத்தை எட்டியது. 3,951 புள்ளிகளுடன் முதற்பிரிவு வரலாற்றின் உச்சத்தில் அவர் கல்லூரியை விட்டு வெளியேறினார்.

ஒன்றை ஈண்டு மறத்தலாகாது. பயிற்சியாளரும் ஊதியம் பெறும் பணியாளரே. அதிக ஊதியம் தரும் கல்லூரி அழைத்தால் அவர் செல்வார். தோல்விகள் தொடர்ந்தால் அனுப்பப்படுவார். 1964இல் தொடங்கிய தேசிய ஒப்புதற் கடிதம் என்னும் முறையின்கீழ், கையொப்பமிட்ட மாணவர் கல்லூரிக்கே கட்டுப்பட்டார், பயிற்சியாளருக்கு அன்று. எவரை நம்பி மாணவர் கையொப்பமிட்டாரோ அவர் மறுநாளே நீங்கிச் செல்லலாம். மாணவரோ நீங்கினால் ஆட்டத் தகுதியை இழப்பார். மேலும், 1973 முதல் 2012 வரை உதவித்தொகை ஓராண்டுக்கே உறுதி. ஆண்டுதோறும் புதுப்பித்தல் பயிற்சியாளரின் விருப்பம். கல்லூரி மாறும் கூடைப்பந்து மாணவர் ஓராண்டு களமிறங்காமல் காத்திருத்தல் வேண்டும் என்ற விதி 2021 வரை நீடித்தது. 2024இல் மாற்றத்தின் மீதான கட்டுகள் பெரிதும் தளர்ந்தன. அவ்வாண்டு அக்டோபரில் ஒப்புதற் கடித முறையும் கைவிடப்பட்டது. முதலில் தவறாகத் தேர்ந்தவர் மீண்டும் தேர்ந்தெடுக்க இன்று வழியுண்டு. ஆனால் அவ்வழி இருபுறமும் திறந்தது. பயிற்சியாளரும் மாணவரை விடுத்து, பிற கல்லூரியில் பழகித் தேர்ந்த ஆட்டக்காரரை எளிதில் வரவழைக்கலாம்.

ஓராண்டு மாணவர்

2006 முதல், என்.பி.ஏ.வில் சேர விரும்பும் அமெரிக்க இளைஞர்க்குப் பத்தொன்பது வயது ஆகியிருத்தலும், பள்ளி முடித்து ஓராண்டு கழிந்திருத்தலும் வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1995இல் கெவின் கார்னெட், 1996இல் கோபி பிரையன்ட், 2003இல் லெப்ரான் ஜேம்ஸ் ஆகியோர் பள்ளியிலிருந்து நேரே சென்றனர். விதி வந்தபின் தலைசிறந்தோர் பலர் ஓராண்டு மட்டும் கல்லூரியில் தங்கிச் செல்லலாயினர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடிய கெவின் டுராண்ட் 2007இல் இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கென்டக்கியில் ஓராண்டு ஆடித் தேசிய வாகையும் சூடிய அந்தோணி டேவிஸ் 2012இல் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இத்தகையோர்க்குக் கல்லூரி என்பது ஒரு தங்குமிடமே. நூலகத்தைப் பற்றி அவர்கள் ஏன் எண்ண வேண்டும் என்று வினவுவோர் உளர். வினாவில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஓராண்டில் சென்றுவிடலாம் என எண்ணி வந்தோர் அனைவரும் அங்ஙனம் சென்றாரல்லர். சென்றோர் எண்ணிக்கை சிறிது. எண்ணி வந்தோர் எண்ணிக்கை பெரிது.

பணம் புகுந்த பின்

ஆல்சிண்டரின் காலத்தில் கல்லூரி தரக்கூடியது கல்விக் கட்டணம், உறைவிடம், உணவு ஆகியவை மட்டுமே. அரங்கம் நிரம்பி வழிந்தது; ஆடிய மாணவர்க்கோ கைச்செலவுக்கே தட்டுப்பாடு. இதனை அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். வெளிப்படையாகத் தர இயலாதது மறைவாகத் தரப்பட்டது. 2017 செப்டம்பரில் கல்லூரிக் கூடைப்பந்தில் நிகழ்ந்த கையூட்டுக் குற்றச்சாட்டின்மேல் துணைப் பயிற்சியாளர் நால்வர் உள்ளிட்ட பத்துப் பேர்மீது நடுவணரசு வழக்குத் தொடுத்தது.

மாற்றம் நீதிமன்றத்தின் வழியே வந்தது. 1995இல் யு.சி.எல்.ஏ.வுக்கு வாகை தேடித்தந்த எட் ஓபானன், தம் உருவம் தம் இசைவின்றி ஒளித்திரை விளையாட்டொன்றில் பயன்பட்டதைக் கண்டு 2009இல் வழக்குத் தொடுத்தார். 2021 சூன் 21 அன்று உச்சநீதிமன்றம் மற்றொரு வழக்கில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு சூலை முதல் மாணவர் தம் பெயர், உருவம், சாயல் ஆகியவற்றால் பொருளீட்ட வழி திறந்தது. 2025 சூனில் ஏற்கப்பட்ட ஒரு வழக்குடன்பாட்டின்படி, கல்லூரிகளே தம் விளையாட்டு மாணவர்க்கு நேரடியாகப் பங்களிக்கலாம். முதலாண்டில் ஒரு கல்லூரிக்கு, எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து, ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர் என்பது உச்சவரம்பு.

மாணவர் பொருளீட்டுவதைக் குறைகூற இடமில்லை. உழைப்பவர் பயன்பெறுதல் அறமே. குடும்பத்தின் வறுமையைத் தம் தோள்மேற் சுமந்து வருவோர்க்கு அப்பொருள் உயிர்நாடியும் ஆகும். ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. தலைசிறந்த மாணவர்க்கு ஒரு கல்லூரி தரும் தொகையை மற்றொன்றும் தரவல்லது. அனைவரும் தரக்கூடிய ஒன்று தேர்வை முடிவு செய்யும் அளவுகோல் ஆகாது. பிறர் தர இயலாததே அளவுகோலாதல் வேண்டும். 2024 டிசம்பரில், நாட்டின் முதல்வரிசை இளைஞர்களுள் ஒருவரான ஏ.ஜே. டிபான்ட்சா, கான்சாஸ், வடகரோலினா, அலபாமா ஆகிய பெயர்பெற்ற அணிகளை விடுத்து யூட்டா மாநிலத்துப் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தார். பெருந்தொகை பற்றியே ஊர் பேசிற்று. ஆனால் அக்கல்லூரியின் பயிற்சியாளர் கெவின் யங், என்.பி.ஏ. அணிகளில் துணைப் பயிற்சியாளராகப் பணியாற்றியவர் என்பதும், அடுத்த களத்திற்கு ஆயத்தமாக விரும்பும் இளைஞர்க்கு அவ்வனுபவம் அரியது என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கன.

பந்தை நீக்கிப் பார்த்தல்

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். பயிற்சியாளரின் பண்பு, அணியில் தமக்குரிய இடம், ஊரின் அண்மையும் வளாகத்தின் இயல்பும், பொருள், தொழில்முறை ஆட்டத்திற்கான வழி, கல்வி என ஆறு கூறுகள் தேர்வின் துலாக்கோலில் ஏறுகின்றன. இவற்றுள் எது மிகும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். பேர்டுக்கு வளாகத்தின் இயல்பு எல்லாவற்றையும் விஞ்சி நின்றது. ஜான்சனுக்கு ஊரும் களத்தில் தம் இடமும். கரிக்குப் பயிற்சியாளரின் நம்பிக்கை. ஆல்சிண்டருக்கு வெற்றி மரபோடு மனித மதிப்பும் கல்வியும்.

எனினும் எல்லார்க்கும் பொதுவான சோதனை ஒன்றுண்டு. தேர்ந்தெடுக்கும் இளைஞர், தம் மனக்கண் முன் உள்ள சித்திரத்திலிருந்து பந்தை ஒருகணம் நீக்கிப் பார்த்தல் வேண்டும். நாளையே அடிபட்டு இனி ஆட இயலாது என்னும் நிலை வரின், இவ்வளாகத்தில் இருக்க என் மனம் ஒப்புமா? இவ்வகுப்பறைகளில் அமர்ந்து நான் கற்க விரும்பும் பொருள் ஒன்று உண்டா? என்னை அழைத்த பயிற்சியாளர் நீங்கியபின்னும் என் நலம் கேட்பார் இங்கு ஒருவரேனும் இருப்பரா? இவ்வினாக்களுக்கு 'ஆம்' எனும் விடை கிடைக்கும் கல்லூரி, பந்து கையில் உள்ள நாளிலும் அவரைக் கைவிடாது. 'இல்லை' எனும் விடை கிடைக்கும் கல்லூரியில் அவர் கையொப்பமிடுவது, முழங்காலின் வலிமையை மட்டும் ஈடாக வைத்து எழுதும் பத்திரமாகும்.

இச்சோதனையை இளைஞர்க்கு எடுத்துரைக்கும் கடமை பெற்றோர்க்கும் பள்ளி ஆசிரியர்க்கும் உரியது. ஏனெனில், சுற்றி நிற்கும் பலருள் அவ்விளைஞரின் ஆட்டத்தால் ஆதாயம் கருதாதவர்கள் அவர்களே. ஆரவாரம் மிக்க அக்கூட்டத்தில் அவர்தம் குரல் மெலிதாகவே ஒலிக்கும். மெலிதாயினும் அக்குரல் ஒலித்தல் வேண்டும். ஆட்டக்காரரின் கால்கள் இருபது ஆண்டு ஓடினால் அதுவே பெரிது. ஓட்டம் நின்றபின் வாழவேண்டிய ஆண்டுகள் அதனினும் பல. அவ்வாண்டுகளுக்கும் சேர்த்தே பதினேழு வயதில் ஒரு கல்லூரி தேர்ந்தெடுக்கப்படுகிறது.